கற்றல் பாணி பார்த்துக் குழு பிரித்தால் வடிவியலில் படைப்புச் சிந்தனை வளருமா?

மலைப்பள்ளி_கணக்கு கேட்டது:

வணக்கம். ஏற்காடு மலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் 36 பேர். ஒரு பயிற்சியில் கொடுத்த வினாப்படிவத்தைப் பிள்ளைகளிடம் நிரப்பி வாங்கியதில் 19 பேர் காட்சிவழிக் கற்போர், 6 பேர் செவிவழிக் கற்போர், 11 பேர் செயல்வழிக் கற்போர் என்று வந்திருக்கிறது. இனி வடிவியலுக்கு மூன்று குழுவாக உட்கார வைத்து, முதல் குழுவுக்குப் படம், இரண்டாவது குழுவுக்கு வாய்விளக்கம், மூன்றாவது குழுவுக்குக் காகித மடிப்பு என்று தனித்தனியே கொடுத்தால் படைப்புச் சிந்தனை தானாக வளரும் என்கிறார்கள்.

எனக்கு உள்ள சந்தேகம் இது. படிவம் "காட்சிவழி" என்று சொல்கிற பிள்ளைகளில் சிலர் படத்தை அச்சு மாதிரி வரைகிறார்கள். அதே படத்தைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டால் நின்றுவிடுகிறார்கள். அப்படியானால் இந்தப் பிரிவினை எதை அளக்கிறது? குழு பிரிக்காமல் செய்வதென்றால் எந்த மாதிரிக் கணக்கு கொடுக்கலாம்? புதுசாக யோசித்ததற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? "நன்று", "மிக நன்று" என்று எழுதுவதில் எனக்குத் திருப்தி இல்லை.

வகுப்பில் இருப்பது ஜாமெட்ரி பாக்ஸ், பழைய செய்தித்தாள், சார்ட் பேப்பர், அவ்வளவுதான். கரண்டும் நெட்டும் மழைக்காலத்தில் நம்ப முடியாது.

கவராயம் பதில்:

பிரிக்க வேண்டாம்.

கற்றல் பாணி என்ற பெயரில் எத்தனை மாதிரிகள் உலவுகின்றன என்று பிரிட்டனில் காஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 2004-ல் கணக்கெடுத்தார்கள். 71 மாதிரிகள் தேறின. 2008-ல் பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியோர்க் என்ற நான்கு உளவியலாளர்கள் நேரடியான கேள்வி ஒன்றைக் கேட்டார்கள்: பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் பலன் என்று சொல்ல எந்த மாதிரிச் சான்று வேண்டும்? காட்சிவழிப் பிள்ளைக்குப் படத்தாலும் செவிவழிப் பிள்ளைக்குப் பேச்சாலும் நடத்தி, இருவருக்கும் ஒரே தேர்வு வைத்து, ஒவ்வொருவரும் தன் வழியில்தான் கூடுதலாக எடுத்தார்கள் என்று காட்ட வேண்டும். அப்படி முறையாக நடத்திய ஆய்வுகளே மிகக் குறைவு. இருந்தவற்றிலும் பல அந்தக் கொள்கைக்கு எதிராகவே பேசின. படிவம் சொல்வது பிள்ளையின் விருப்பம். திறமையை அது அளப்பதில்லை.

நீங்கள் கவனித்த அந்தச் "சாய்த்துப் போட்டால் நிற்கும்" விஷயம் படிவத்தைவிடப் பெரியது. படமாக யோசிப்பதிலேயே இரண்டு வகை உண்டு. ஹெகார்ட்டி, கோஷெவ்னிகோவ் இருவரும் 1999-ல் இதைத்தான் பிரித்துக் காட்டினார்கள். "15 மீட்டர் பாதை. இரண்டு முனையிலும் மரம், நடுவிலும் 5 மீட்டருக்கு ஒரு மரம். மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், ஒரு பிள்ளை கிளை, இலையோடு மரம் வரையும். இன்னொன்று ஒரு கோடு போட்டு நான்கு புள்ளி வைக்கும். படிவத்தில் இரண்டுமே "காட்சிவழி"தான். கணக்கில் முன்னேறுவது கோடும் புள்ளியும் போட்ட பிள்ளை. தோற்றத்தைத் தத்ரூபமாகக் கொண்டுவரும் பழக்கம் அந்த ஆய்வில் மதிப்பெண்ணுக்கு எதிர்த்திசையிலேயே போனது. அந்த 19 பேரையும் ஒரே குழுவாக உட்கார வைத்தால் இந்த வித்தியாசம் உங்கள் கண்ணிலேயே படாது.

நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியது, பிள்ளை வடிவியலில் எந்தப் படியில் நிற்கிறது என்பது. நெதர்லாந்தின் வான் ஹீலே தம்பதியர் 1957-ல் சொன்ன படிநிலைகள் இதற்கு இன்றும் உதவும். பத்து நிமிடம் போதும். கரும்பலகையில் ஒரு சதுரத்தை 45° திருப்பி வரைந்து பெயர் கேளுங்கள். "டைமண்ட்" என்று நிறுத்திவிட்டால் பிள்ளை இன்னும் தோற்றத்தை மட்டும் பார்க்கிறது. "நாலு பக்கமும் சமம், நாலு கோணமும் 90°, அதனால் சதுரம்" என்றால் பண்புகளுக்கு வந்துவிட்டது. "சதுரம் ஒரு செவ்வகமா?" என்று கேட்டு, ஆம் என்பதற்குக் காரணமும் வந்தால் வரையறைகளைக் கோத்துப் பார்க்கிறது என்று அர்த்தம். கடைசியாக ஒரு விரிகோண முக்கோணம் கொடுத்து, விரிகோணத்தை ஒட்டிய பக்கத்துக்குக் குத்துயரம் வரையச் சொல்லுங்கள். கோடு முக்கோணத்துக்கு வெளியே விழ வேண்டும். பாதிப் பேர் உள்ளேயே ஏதாவது ஒரு சாய்கோட்டை இழுத்து வைப்பார்கள். முதல் படியில் நிற்கும் பிள்ளையிடம் "வேறு வழியில் நிரூபி" என்று கேட்டுப் பயனில்லை, அவனுக்குப் பாணிக் குறை எதுவும் இல்லை.

மடிப்பு, படம், பேச்சு மூன்றும் நல்ல கருவிகள்தான். ஆளுக்கு ஒன்று என்று பங்கு போடாமல், ஒரே பாடத்தில் எல்லாரையும் மூன்றின் வழியாகவும் கூட்டிப் போங்கள். முக்கோணக் கோணங்களின் கூடுதலை எடுத்துக்கொள்வோம். 12 முதல் 15 செ.மீ. பக்கமுள்ள முக்கோணத்தைச் சாதாரண வெள்ளைத்தாளில் வெட்டச் சொல்லுங்கள் (சார்ட் பேப்பர் தடிமன், மடிப்பு விலகும்). நீளமான பக்கம் கீழே. அடிப்பக்கம் தன்மேலேயே படியும்படி, மடிப்பு உச்சி வழியாகப் போகும்படி மடித்துப் பிரித்தால் குத்துயரத்தின் அடிப்புள்ளி கிடைக்கும். உச்சியை அந்தப் புள்ளிக்கு மடக்கி, பிறகு இடமுனை, வலமுனை இரண்டையும் அதே புள்ளிக்கு மடக்கினால் மூன்று கோணமும் ஒரு நேர்கோட்டில் உட்காரும். "எனக்கு வரலை சார்" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் விரிகோண முக்கோணத்தில் சிறிய பக்கத்தை அடியாக வைத்திருப்பார்கள். அடிப்புள்ளி தாளுக்கு வெளியே போய்விடும்.

கை வேலை முடிந்ததும் தாளைப் பிரித்து மடிப்புக் கோடுகளை நோட்டில் வரையச் சொல்லுங்கள். உச்சியை மடக்கிய மடிப்பு இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கிறது, அடிப்பக்கத்துக்கு இணை, நீளம் அதில் பாதி. மடித்த நிலையில் கிடைத்தது ஒரு செவ்வகம்: அகலம் அடிப்பக்கத்தில் பாதி, உயரம் குத்துயரத்தில் பாதி, தாள் சரியாக இரண்டு அடுக்கு. அப்படியானால் பரப்பளவு என்ன? ½ × அடிப்பக்கம் × உயரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. "இந்த மடிப்பிலிருந்து வேறு என்ன தெரிகிறது?" என்ற ஒரே கேள்விக்குத்தான் படைப்புச் சிந்தனை என்று பெயர். அந்தக் கேள்வி மடிப்பிலிருந்து படத்துக்கு மாறும்போதுதான் பிறக்கிறது. மடித்ததோடு நிற்கும் செயல்வழிக் குழுவுக்கு அது கிடைக்காமலே போய்விடும்.

மூன்றாவது கட்டம் பேச்சு. மடித்துப் பார்த்தது நிரூபணம் இல்லை, இந்த ஒரு தாளில் சரியாக வந்தது என்பதுதான் செய்தி. எந்த முக்கோணத்துக்கும் ஏன் வரும் என்று இணைகோடு வைத்து வாயால் சொல்ல வேண்டும். இடையில் ஒரு தகவல்: 1893-லேயே மதராசில் டி. சுந்தர ராவ் காகித மடிப்பை மட்டுமே வைத்து வடிவியல் நூல் எழுதி, அதை ஜெர்மன் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைனே எடுத்துக் காட்டினார். நம்ம ஊர்ச் சரக்குதான்.

அம்மாபேட்டை_டீச்சர் பதில்:

கவராயம் சார் சொன்னது சரிங்க. மார்க் விஷயம் மட்டும் நான் சொல்றேன்.

படைப்புச் சிந்தனையை அளக்கிறப்ப அமெரிக்க உளவியலாளர் டாரன்ஸ் காலத்திலிருந்து நாலு சொல் புழங்குது: சரளம், நெகிழ்வு, புதுமை, விரிவாக்கம். வடிவியலுக்கு முதல் மூணு போதும். சரளம்னா எத்தனை சரியான விடை. நெகிழ்வுன்னா எத்தனை வகையான விடை. புதுமைன்னா வகுப்பில் வேற எத்தனை பேருக்கு அது தோணலை. கணிதக் கல்வி ஆய்வாளர் ரோஸா லெய்கின் 2009-ல் இதுக்கு ஒரு மார்க் திட்டம் கொடுத்தாங்க. வகுப்பில் 15 சதவீதத்துக்கும் குறைவானவங்களுக்குத் தோணின வழிக்குப் புதுமை 10. 15-லிருந்து 40 சதவீதம் வரைக்கும் 1. அதுக்கு மேல 0.1. உங்க 36 பேர்ல 5 பேர் அல்லது அதுக்குக் கீழ எழுதியிருந்தா 10, 6-லிருந்து 14 பேர்னா 1, 15 பேரோ அதுக்கு மேலயோன்னா 0.1. நெகிழ்வுக்கும் அதே அளவுதான்: புது வகைக்கு 10, அதே வகையில் சின்ன மாற்றத்துக்கு 1, ஏறக்குறைய அதேன்னா 0.1.

ஒரு உதாரணம். "இருசமபக்க முக்கோணத்தில் சமபக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம். எத்தனை வழியில் முடியுமோ அத்தனை வழியில் நிரூபி." உச்சியிலிருந்து கோண இருசமவெட்டி போட்டு ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்), நடுக்கோடு போட்டு ப-ப-ப (மூணு பக்கமும்), குத்துக்கோடு போட்டு செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்). இது மூணும் வரும். ஒரு பிள்ளை மூணையும் எழுதினா சரளம் 3. ஆனா மூணுமே "உச்சியிலிருந்து ஒரு கோடு இறக்கு"ங்கிற ஒரே யோசனை. நெகிழ்வு 10 + 1 + 1 = 12 தான். இன்னொரு பிள்ளை கோடே போடாம, ஏபிசி முக்கோணத்தையும் ஏசிபி முக்கோணத்தையும் (அதே முக்கோணத்தைத் திருப்பி வைச்சது) ப-கோ-ப படி சர்வசமம்னு எழுதி, கூடவே கோண இருசமவெட்டி வழியையும் எழுதினா விடை ரெண்டுதான், நெகிழ்வு 20. அந்தத் திருப்பி வைக்கிற வழி பழைய கிரேக்கக் கணித அறிஞர் அலெக்சாண்டிரியா பாப்பஸ் சொன்னது, 1600 வருஷத்துக்கும் மேல பழசு. பிள்ளைக்குப் புதுசுன்னா புதுமை மார்க் உண்டு. உலகத்துக்கே புதுசா இருக்கணும்னு எதிர்பார்க்கக் கூடாது.

இதுல ஒரு கண்ணி இருக்கு. ப-ப-ப, செ-க-ப ரெண்டையும் முறையா நிரூபிக்கிறப்பவே பெரும்பாலும் இந்த இருசமபக்கத் தேற்றத்தைத்தான் பயன்படுத்துவாங்க. அப்ப அதை வைச்சு இதை நிரூபிக்கிறது வட்டமா சுத்துறது. பள்ளிப் பாடத்தில் அதெல்லாம் ஏத்துக்கிட்ட விதின்னு வைச்சிருக்கிறதால மார்க் குறைக்க வேண்டாம். ஆனா இதை ஒரு பிள்ளை தானாவே கேட்டா, அந்தக் கேள்விக்கே புதுமைக்குப் பத்து போடுங்க.

எடுத்தவுடனே நிரூபணம் கொடுக்காதீங்க. முதல் கணக்கு ஆணிப்பலகையா இருக்கட்டும். மரப்பலகையில் 3-க்கு 3 ஒன்பது ஆணி, 2 அங்குல இடைவெளி, ரப்பர் பேண்டு. பலகை இல்லைன்னா நோட்டில் ஒன்பது புள்ளி. "ஒன்றுக்கொன்று சர்வசமம் இல்லாத முக்கோணம் எத்தனை?" விடை 8. பரப்பளவு வாரியா எண்ணினா அரை சதுர அலகில் 2, ஒண்ணில் 3, ஒன்றரையில் 1, ரெண்டில் 2. பிள்ளைங்க 12, 15னு கொண்டு வருவாங்க. திருப்பி வைச்சதையும் கண்ணாடிப் பிம்பத்தையும் புதுசுன்னு எண்ணியிருப்பாங்க. எண்ணெய் தடவின தாளில் படியெடுத்து மேல வைச்சுப் பார்க்கச் சொன்னா அவங்களே அடிச்சிடுவாங்க. ரொம்பப் பேர் விட்டுடுறது ஒன்றரை அலகு முக்கோணம்: ஒரு மூலையையும், அதுக்கு எதிரே உள்ள ரெண்டு பக்கங்களின் நடு ஆணிகளையும் இணைக்கிறது. எட்டில் இது ஒண்ணுதான் படுக்கையாவோ செங்குத்தாவோ ஒரு பக்கம்கூட இல்லாதது. உங்க சாய்ஞ்ச சதுரம் கதையேதான். அதைக் கண்டுபிடிச்ச பிள்ளைங்க பேரை மட்டும் குறிச்சு வைங்க, படிவத்தைவிட அதிகமா சொல்லும்.

மலைப்பள்ளி_கணக்கு:

மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். படிவத்தை மூடி வைத்துவிடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. "செவிவழி" என்று வந்த ஆறு பேரில் நான்கு பேர் நன்றாகப் பேசுகிறார்கள், எழுதச் சொன்னால் வெறும் தாள். அவர்களுக்குப் பேச்சிலிருந்தே தொடங்குகிற மாதிரி ஏதாவது உண்டா? அடுத்தது, மலைக்குப் பொருந்துகிற பெரிய கணக்கு ஒன்று வேண்டும், இரண்டு பீரியட் தாங்கணும்.

கவராயம் பதில்:

முதல் கேள்விக்கு: முதுகோடு முதுகு உட்கார வைக்கும் விளையாட்டு. ஒருவன் கையில் உருவம், இன்னொருவன் கையில் வெள்ளைத்தாள். உருவத்தை வைத்திருப்பவன் வாயால் மட்டும் சொல்ல வேண்டும், கை காட்டக் கூடாது, "வீடு மாதிரி", "பட்டம் மாதிரி" என்ற சொற்களுக்கும் தடை. கேட்பவன் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். முதல் உருவம் எளிதாக இருக்கட்டும்: 6 செ.மீ. சதுரம், அதன் மேல் பக்கத்தில் 6 செ.மீ. சமபக்க முக்கோணம். "மேலே ஒரு முக்கோணம்" என்று சொன்னால் கேட்பவன் எதையாவது வரைவான், எந்த அளவு விடுபட்டது என்று இருவருமே பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவது சுற்றில், சொன்ன வாக்கியங்களைச் சொன்னவனே எழுதட்டும். அது ஏற்கெனவே வரைபடிகளாக இருக்கும். வெறும் தாள் அங்கே நிரம்பிவிடும்.

அதோடு கொண்டை ஊசி வளைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேலம் – ஏற்காடு சாலையில் 20 வளைவு உண்டு, உங்கள் பிள்ளைகளுக்கு எல்லாம் அத்துப்படி. வளைவை நோட்டில் "வி" மாதிரி வரைந்து கோணம் அளந்தால் 10° வரும். ஆனால் பஸ் திரும்பியது 170°. திரும்பிய கோணமும் படத்தில் தெரிகிற உள்கோணமும் ஒன்றல்ல, இரண்டும் சேர்ந்தால் 180°. இதைப் பேசவைத்துவிட்டு மைதானத்தில் சமபக்க முக்கோணம் நடக்கச் சொல்லுங்கள்: பத்து அடி வை, திரும்பு, பத்து அடி வை. எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கட்டளை கொடுப்பது பேசுகிற பிள்ளை. முதல் கட்டளை ஏறக்குறைய எப்போதும் "60°" தான். 60° திரும்பி நடந்தால் முக்கோணம் மூடாது, ஆறாவது பக்கத்தில் அறுகோணமாகப் போய் மூடும். 120° என்பதை அவர்களே திருத்துவார்கள். எந்தக் குவிவுப் பலகோணத்தைச் சுற்றி வந்தாலும் மொத்தத் திருப்பம் 360° என்பது அடுத்த பத்து நிமிடத்தில் வரும். மலைச்சாலையில் ஏறும்போது இடது, வலது என்று மாறி மாறித் திரும்புவதால் அங்கே கூட்டல் ஏன் பலிக்காது என்று கேட்டுவைத்தால் குறியெண் பேச்சு தொடங்கும்.

இடுக்குப்புள்ளி பதில்:

பெரிய கணக்குக்கு நான் வர்றேன். காப்பிச் செடி.

"6 அடி இடைவெளிக்குக் குறையாமல் செடி வைக்கணும். சதுரமா வைக்கிறதா, இடையில் இடையில் தள்ளி வைக்கிறதா, எதுல அதிகம் பிடிக்கும்?" கேள்வி அவ்வளவுதான். சரிவில் சமமட்டக் கோடு பார்த்து நடுவாங்க, இது சமதரைக் கணக்குன்னு ஆரம்பத்திலேயே சொல்லிடுங்க, இல்லைன்னா எஸ்டேட் பிள்ளைங்க விடமாட்டாங்க.

கோலம் போடத் தெரிஞ்ச பிள்ளைக்கு இது நேர்ப்புள்ளியும் இடுக்குப் புள்ளியும். சதுரத்தில் ஒரு செடிக்கு 36 சதுர அடி, ஏக்கருக்கு 43,560 சதுர அடி, ஆக 1,210 செடி. இடுக்கில் வைச்சு மூணு மூணு செடியும் 6 அடி சமபக்க முக்கோணமா நின்னா வரிசை இடைவெளி 6 இல்லை, 6 × √3/2 = 5.196 அடி, அதாவது 5 அடி 2⅓ அங்குலம். ஏக்கருக்கு ஏறக்குறைய 1,397. பதினைஞ்சு சதவீதம் கூடுதல்.

இங்கதான் பெரிய தப்பு நடக்கும். கோலத்தில் இடுக்குப் புள்ளி வைக்கிறப்ப வரிசை இடைவெளியை யாரும் குறைக்க மாட்டாங்க, பாதி தள்ளி வைக்கிறதோட சரி. பிள்ளைங்களும் அதையே செஞ்சுட்டு "இடுக்கில் வைச்சா அதிகம்"னு எழுதுவாங்க. வரிசை இடைவெளி 6 அடியாவே இருந்தா அடர்த்தி மாறாது, அதே 1,210. பக்கத்து வரிசைச் செடி √45, அதாவது 6.71 அடி தள்ளிப் போகும். அவ்வளவு தூரம் யாரும் கேட்கலை, இடம் வீண். இதை நீங்க சொல்லாதீங்க. கவராயத்தை 6 அடி அளவுக்கு (தாளில் 2 செ.மீ.) திறந்து எல்லாச் செடியையும் சுத்தி வில் போடச் சொல்லுங்க. அடுத்த வரிசைச் செடி மேல வில் விழாததைப் பார்த்து அவங்களே வரிசையை இறக்குவாங்க.

அளவு: 6 அடி = 2 செ.மீ. சார்ட்டில் கட்டம், செடிக்குக் காப்பிக் கொட்டை, ஒரு துளி பசை (இல்லைன்னா உருளும்). நாலு பேர் ஒரு குழு, கொட்டை வைக்கிறவன், அளக்கிறவன், எண்ணுறவன், எழுதுறவன். முக்கால் மணி நேரத்தில் வேலையை மாத்திடுங்க.

ரெண்டாவது பீரியடுக்கு மனையை அளவு குறிச்சுக் கொடுங்க. எல்லையிலும் செடி வைக்கலாம். 30 அடிக்கு 30 அடி: சதுரத்தில் 6 × 6 = 36. இடுக்கில் 6 வரிசை, 6-ம் 5-ம் மாறி மாறி, 33. குறையுது! ஏக்கர் கணக்கில் 15 சதவீதம் கூடணும்னு சொன்னது என்னாச்சு? 36 அடியிலும் 49-க்கு எதிரே 46 தான். 42 அடியில் 64-க்கு எதிரே 68, திரும்பிடுச்சு. 60 அடியில் 121-க்கு எதிரே 126. ஓரத்தில் ஒவ்வொரு இரண்டாவது வரிசையிலும் ரெண்டு பக்கமும் அரை இடம் வீணாகுது, மனை பெரிசாக ஆக அந்த வீண் சின்னதாகும். "ஏன்?"னு கேட்கவே வேண்டாம், 33-ஐப் பார்த்ததும் வகுப்பே கேட்கும்.

வரையறப்ப ஒரு எச்சரிக்கை. வரிசை இடைவெளி தாளில் 1.73 செ.மீ. ஒவ்வொரு வரிசையா 1.8 அளந்துக்கிட்டே போனா எட்டு இடைவெளியில் 14.4 செ.மீ. ஆகி, 42 அடி மனையில் (14 செ.மீ.) ஒன்பதாவது வரிசையே காணாம போகும், 68 செடி 60 ஆயிடும். ஸ்கேலை நகர்த்தாம பூஜ்யத்திலிருந்தே 1.73, 3.46, 5.20, 6.93, 8.66, 10.39, 12.12, 13.86னு குறிக்கச் சொல்லுங்க.

எட்டு_மார்க் பதில்:

எல்லாம் சரி. ஆனால் அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், பிள்ளைகளுக்கு வேண்டியது உதவிப்படம், அளவு, கோடு. காப்பிக் கொட்டை ஒட்டுவதற்கு இரண்டு பீரியட் என்பது நிறைய. பாணி பிரிப்பதை எதிர்க்கிறேன், அதே சமயம் எல்லாக் கணக்கையும் திறந்த கணக்காக ஆக்குவதையும் எதிர்க்கிறேன். கவராய முனை வழுக்காமல் ஒரு வில் போடத் தெரியாத பிள்ளை "வேறு வழி" தேட முடியாது.

தேர்வுக்கும் உதவுகிற, இருபது நிமிடத்தில் முடிகிற ஒன்று தருகிறேன். ஏபி = 6 செ.மீ., கோணம் ஏ = 30°. பிசி நீளம் 2, 3, 4, 6, 7 செ.மீ. என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை முக்கோணம் வரும் என்று கேளுங்கள். 2-க்கு வில் கோட்டைத் தொடாது, முக்கோணமே இல்லை. 3-க்குத் தொட்டு நிற்கும், ஒரே ஒரு செங்கோண முக்கோணம். 4-க்கு இரண்டு இடத்தில் வெட்டும், சர்வசமம் அல்லாத இரண்டு முக்கோணம். 6-க்கு ஒரு வெட்டு ஏ-யிலேயே விழுவதால் மிஞ்சுவது ஒன்று. 7-க்கும் ஒன்று. ப-ப-கோ ஏன் சர்வசம விதியாக இல்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. இதில் பிள்ளைகள் வில்லை மிகச் சிறியதாக இழுத்து, முதல் வெட்டுப்புள்ளி கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். வில்லைத் தாராளமாக இழுக்கச் சொல்வது ஒன்றே மருந்து. பத்தாம் வகுப்பில் உச்சிக்கோணம், நடுக்கோடு கொடுத்து வரைகிற கணக்கிலும் இரண்டாவது வெட்டுப்புள்ளியை விடுகிற பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. 3 செ.மீ. கொடுக்கும்போது பென்சில் கூர்மையாக இல்லாவிட்டால் "தொடுகிறது" என்பது "இரண்டு இடத்தில் வெட்டுகிறது" என்று தெரியும், அதையும் எதிர்பாருங்கள்.

அம்மாபேட்டை_டீச்சர்:

எட்டு_மார்க் சார் சொல்ற மாதிரி வாரத்துக்கு ஒரு திறந்த கணக்கு போதும்ங்க, மத்ததெல்லாம் வழக்கமான பயிற்சி. பதிவேட்டில் பாணிப் பெயருக்குப் பதிலா ரெண்டு கட்டம் போடுங்க: எதில் ஆரம்பிச்சான், எதுக்கு மாறினான். கைக்கு "கை", படத்துக்கு "ப", சொல்லுக்கு "சொ", எண்ணுக்கு "எ". நாலு வாரமும் ஒரே எழுத்தில் நிக்கிற பிள்ளை யாருன்னு பார்த்தா, அடுத்த வாரம் எந்தக் கேள்வியை எங்க போடணும்னு தெரிஞ்சிடும்.

மலைப்பள்ளி_கணக்கு:

சரி, அப்படியே செய்கிறேன். இடுக்குப்புள்ளி அவர்களுக்கு ஒரு கேள்வி: 42 அடியிலிருந்துதான் முக்கோண நடவு ஜெயிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இடுக்குப்புள்ளி:

மனையின் பக்கம் 6-ன் மடங்கா இருந்தா மட்டும்தான். மூணு அடி கூட்டிப் பாருங்க, ஆட்டமே மாறுது. 21 அடி மனையில் சதுரத்துக்கு 4 × 4 = 16. இடுக்கு நடவில் தள்ளி வைக்கிற வரிசை 3, 9, 15, 21-ல் உட்காரும், அங்கேயும் நாலு செடி, ஓரத்தில் வீண் இல்லை. வரிசை ஐந்து. மொத்தம் 20. 15 அடியில் ரெண்டுக்கும் 9, சமம். அதனால் 21-ஐயும் 42-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்க.

ஆனா 21 அடி தாளில் 7 செ.மீ., நாலு இடைவெளி 6.93 செ.மீ. மிச்சம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு குழு அஞ்சாவது வரிசை உள்ளே இருக்குன்னும் இன்னொரு குழு வெளியே போகுதுன்னும் சண்டை போடும், ரெண்டு பேர் படமும் ஒழுங்காத்தான் இருக்கும். ஸ்கேல் இதைத் தீர்க்காது. 4 × 6 × √3/2 = 12√3, வர்க்கம் 432. 21-ன் வர்க்கம் 441. உள்ளேதான்.